பிறப்பை அறிதலும் கொலையை அறிதலும்: தத்துமகள் மையமிட்ட மர்மக்கதை அமைப்பு – ஓர் ஆய்வு

முன்னுரை

துப்பறியும் கதைகளைத் தமிழ்த் திறனாய்வுலகம் நெடுங்காலம் பொழுதுபோக்கு எழுத்து என்னும் ஒரே வகைக்குள் அடக்கி ஒதுக்கி வந்துள்ளது. ஒரு சமுதாயம் எதனைக் குற்றமாகக் கருதுகிறது, எதனைக் குற்றமெனக் கருதாமல் மறைக்கிறது என்பதை இவ்வகைக் கதைகளே பெரிதும் வெளிப்படுத்துகின்றன. அவற்றுள் ஒரு கதையமைப்பு தனித்து நோக்கத்தக்கது. எளிய குடும்பத்தில் தத்துமகளாக வளர்ந்த பெண் ஒருத்தி தன்னைப் பெற்ற செல்வக் குடும்பத்தை நாடிச் செல்கிறாள். அவள் சென்ற சில நாளில் அவ்வீட்டில் ஒரு கொலை நிகழ்கிறது. ஐயம் முதலில் அவள்மேலேயே விழுகிறது. இவ்வமைப்பின் வேர்களையும், இந்தியச் சட்டச் சூழலில் அது எதிர்கொள்ளும் சிக்கல்களையும், தமிழ்க் களத்தில் அதற்குள்ள வாய்ப்புகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு வினாக்களின் இணைப்பு

மர்மக்கதையின் அடிப்படை வினா ‘கொன்றவர் யார்?’ என்பது. தத்துப்பிள்ளையின் அடிப்படை வினா ‘பெற்றவர் யார்?’ என்பது. இரண்டும் கடந்தகாலத்தில் மறைக்கப்பட்ட ஒரு செயலைத் தேடுகின்றன. இரண்டிற்கும் ஆவணங்கள், சாட்சிகள், முரண்பட்ட வாக்குமூலங்கள் ஆகியன சான்றாகின்றன. ஆகவே இவ்விரு வினாக்களும் ஒரே கதையில் இணைவது இயல்பேயாகும்.

இவ்விணைப்பின் மிகப் பழைய வடிவம் கிரேக்க நாடக ஆசிரியர் சோபோக்ளிசு படைத்த ஈடிபசு மன்னன் நாடகத்தில் காணப்படுகிறது. கொரிந்து நகர மன்னனின் மகனாக வளர்ந்த ஈடிபசு, தன் பிறப்பைப் பற்றி விருந்தொன்றில் குடிவெறியில் ஒருவன் கூறிய இழிவுரையால் ஐயங்கொள்கிறான். பின்னர்த் தீபிசு நகரின் மன்னனாகி, முந்தைய மன்னனைக் கொன்றவன் யார் எனத் தானே விசாரணை நடத்துகிறான். கொலையாளியைத் தேடும் விசாரணையும் பெற்றோரைத் தேடும் விசாரணையும் ஒரே விடையில் வந்து முடிகின்றன. துப்பறிபவன், குற்றவாளி, தத்துப்பிள்ளை ஆகிய மூவரும் ஒருவனே. பிற்கால மர்மக்கதை இம்மூன்று பாத்திரங்களையும் மூவருக்குப் பிரித்தளித்துவிட்டது. பிரித்தளித்தபோதும் தத்துப்பிள்ளையின்மேல் படிந்த ஐயத்தின் நிழல் நீங்கவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2. தமிழ் மரபில் பிறப்பறிதல்

தமிழ்க் காப்பிய மரபிலும் இவ்வமைப்பு உண்டு. சீவக சிந்தாமணியில் ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தனை அமைச்சன் கட்டியங்காரன் வஞ்சித்துக் கொல்கிறான். மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் சீவகனை ஈன்றெடுக்கிறாள். இறந்த தன் குழந்தையோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்து வளர்க்கிறான். ஆசிரியர் அச்சணந்தி ஒரு மன்னனின் கதையைக் கூறுவதுபோலத் தொடங்கி, அக்கதையின் குழந்தை சீவகனே என வெளிப்படுத்துகிறார். பின்னர் தவப்பள்ளியில் அவன் தன் தாயைக் காண்கிறான். வளர்ப்புக் குடும்பம், உயர்குடிப் பிறப்பு, பழங்கொலை, உண்மையை அறிந்த ஒருவர், தாயுடன் சந்திப்பு, கொலைஞனைத் தண்டித்தல் என்னும் அனைத்துக் கூறுகளும் இதில் உள்ளன. மர்மம் ஒன்றே இல்லை. கொலை செய்தவன் யார் என்பது கற்போர்க்குத் தொடக்கத்திலேயே தெரியும். பிறப்பு மட்டுமே சீவகனுக்கு மறைக்கப்பட்டுள்ளது. காப்பியத்தில் பிறப்பறிதல் அரசுரிமைக்கு வழியாகிறது.

மணிமேகலை இதற்கு நேர்மாறான ஒரு பாத்திரத்தைத் தருகிறது. சாலி என்பாள் ஈன்று கைவிட்ட ஆபுத்திரனைப் பசு பால் கொடுத்துக் காக்கிறது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்க்கிறான். வேள்விக்கு நிறுத்தப்பட்ட பசுவை ஆபுத்திரன் காப்பாற்ற முனைந்தபோது அவனுடைய பிறப்பு இழிவுரையாக வெளியாகிறது. வளர்த்த தந்தையும் அவனைத் துறக்கிறான். ஈடிபசுக்கு நிகழ்ந்ததே இவனுக்கும் நிகழ்கிறது. எனினும் இவனுடைய மறுமொழி வேறானது. முனிவர் பலரின் பிறப்பு எத்தகையது என எடுத்துக்காட்டி, பிறப்பை அளவுகோலாகக் கொள்வதையே அவன் மறுக்கிறான். தாயைத் தேடிச் செல்லவில்லை. பசித்தோரைத் தேடிச் செல்கிறான். ‘நான் யார் மகன்?’ என்னும் வினாவைத் துப்பறிந்து தீர்க்காமல், அவ்வினாவிற்குச் சமுதாயம் அளித்த மிகை மதிப்பையே தகர்த்தவன் ஆபுத்திரன் எனலாம்.

இவ்விரண்டிலும் பிறப்பு மறைக்கப்பட்டவன் ஆண்மகன். பெண்மக்களின் நிலை வேறு. சனகன் உழுபடைச் சாலில் கண்ட சீதை, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் நம்பிராசன் கண்ட வள்ளி, துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்ட ஆண்டாள் ஆகியோர் அனைவரும் கண்டெடுக்கப்பட்ட பெண் குழந்தைகளே. எனினும் ‘இவளைப் பெற்றவர் யார்?’ என்று எவரும் தேடிச் செல்வதாகக் கதை நடைபெறவில்லை. பிறப்பு தெய்வச் செயலாக மாற்றப்பட்டுவிட்டதால் விசாரணைக்கு இடமில்லாமற் போயிற்று. ஆண்மகனின் மறைந்த பிறப்பு அரசுரிமையாகவும், பெண்மகளின் மறைந்த பிறப்பு அற்புதமாகவும் அமைந்தன. எனவே தன் பிறப்பைத் தானே விசாரிக்கும் தத்துமகள் என்பவள் தற்காலப் புனைகதையின் புதிய பாத்திரமாவாள்.

3. செவிலியும் நற்றாயும்

அகப்பாடல் மரபு நற்றாய், செவிலித்தாய் என இரு தாயரைப் பிரித்து வழங்குகிறது. பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் கூற்றும் தந்த மரபு இது. உடன்போக்கில் சென்ற மகளைச் சுரத்திடைத் தேடிச் செல்பவள் செவிலியே. நற்றாய் இல்லிலிருந்து புலம்புகிறாள்; வளர்த்தவள் வழியில் வருவோரிடம் வினவிச் செல்கிறாள். தேடுதல் என்னும் செயல் தமிழ் மரபில் வளர்த்தவளுக்கு உரியதாக இருந்தது.

தத்துமகள் மர்மக்கதையில் இத்திசை தலைகீழாகிறது. இங்கு மகளே நற்றாயைத் தேடிச் செல்கிறாள்; வளர்த்தவள் இல்லில் எஞ்சி நிற்கிறாள். இக்கதைகளில் வளர்ப்புத்தாய் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே இறந்துபோகிறாள், அல்லது மறக்கப்படுகிறாள். அவளுடைய மரணப்படுக்கை வாக்குமூலம் கதையைத் தொடக்கிவைக்கும் கருவியாக மட்டும் பயன்படுகிறது. செவிலிக்குத் தனிக்கூற்று அளித்த மொழியில் எழுதப்படும் கதை, வளர்ப்புத்தாயை வாய்மூடச் செய்வது ஒரு குறைபாடேயாகும்.

4. மேலைநாட்டு மர்மப் புதினங்கள்: இரு சான்றுகள்

அகதா கிறிசுட்டியின் ‘ஆர்டீல் பை இன்னசன்ஸ்’ (1958) என்னும் புதினத்தில் செல்வம் மிக்க ரேச்சல் ஆர்கைல் கொலையுண்கிறாள். அவள் தத்தெடுத்து வளர்த்த ஐவருள் ஒருவனான ஜாக்கோ தண்டிக்கப்பட்டுச் சிறையிலேயே இறக்கிறான். பின்னர் அவன் கொலை நிகழ்ந்தபோது வேறிடத்தில் இருந்தான் என்பதற்குச் சான்று கிடைக்கிறது. அவன் கைகள் கொல்லவில்லை எனத் தெரிந்ததும் குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரும் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். செல்வமும் அன்பும் தந்தாலும் பெற்றவரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் உள்ளத்தில் ஒரு காழ்ப்பு எஞ்சும் என்பதை இப்புதினம் துணிந்து காட்டுகிறது. ஆனால் அக்காழ்ப்பையே ஐயத்திற்குரிய காரணமாகவும் அது ஆக்கிவிடுகிறது.

பி. டி. ஜேம்சு எழுதிய ‘இன்னசன்ட் பிளட்’ (1980) இவ்வகையில் மேலும் ஆழமானது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், வயதுவந்த தத்துப்பிள்ளைகள் தம் மூலப் பிறப்புப் பதிவைக் காணும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் பதினெட்டு வயதுப் பிலிப்பா, தான் உயர்குடிப் பிரபு ஒருவரின் மகள் எனக் கற்பனை செய்து வைத்திருந்தவள். பதிவேடு அளித்த விடையோ வேறு: அவளைப் பெற்ற தந்தை ஒரு சிறுமியை வன்புணர்ந்ததற்கும், தாய் அச்சிறுமியைக் கொன்றதற்கும் தண்டனை பெற்றவர்கள். செல்வக் குடும்பத்தைத் தேடிச் சென்றவள் சிறையிலிருந்து விடுதலையாகும் தாயைச் சந்திக்கிறாள்.

குழந்தை தன் பெற்றோரை மறுத்து உயர்ந்த பெற்றோரைக் கற்பித்துக்கொள்வதைச் சிக்மண்ட் பிராய்டு 1909இல் ‘குடும்பக் கற்பனை’ என்னும் கருத்தால் விளக்கினார். எல்லாக் குழந்தைகளும் கொள்ளும் இக்கற்பனை தத்துப்பிள்ளையிடம் மெய்யாகக்கூடிய வாய்ப்பைப் பெறுகிறது. செல்வப் பெற்றோரை மெய்யாகவே தந்துவிடும் கதைகள் அக்கற்பனைக்கு இரை போடுகின்றன. ஜேம்சின் புதினம் அக்கற்பனையை விசாரிக்கிறது. இதன் இறுதித் திருப்பம் கொலையைப் பற்றியதன்று. கொலை நிகழ்வதற்கு முன்னரே, தாயால் நேசிக்க இயலாத நிலையில், பிலிப்பா தத்துக் கொடுக்கப்பட்டாள் என்பதே அவள் இறுதியில் அறியும் உண்மை. கொலையை மன்னிக்க முடிந்தவளால் கைவிடப்பட்டதை எளிதில் மன்னிக்க இயலவில்லை. தத்துப்பிள்ளையின் நோக்கில் எது முதற்குற்றம் என்பதை இத்திருப்பம் தெளிவாக்குகிறது.

5. தமிழ்த் துப்பறியும் புனைவும் திரைப்படமும்

பண்டித நடேச சாத்திரியாரின் தானவன் கதைகளில் தொடங்கி, ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வழியாகத் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் எனத் தமிழ்த் துப்பறியும் புனைவு வளர்ந்துள்ளது. பெரிய வீடு, உயில், ஆள்மாறாட்டம், மறைந்த வாரிசு ஆகியன இவ்வகையின் நிலையான கருவிகள். இவற்றுள் மறைந்த வாரிசு பெரும்பாலும் சொத்துச் சிக்கலாகவே கையாளப்படுவதுண்டு; உள்ளச் சிக்கலாகக் கையாளப்படுவது அரிது.

திரைப்படத்தில் இதற்கு நெருங்கிய சான்று ‘தெய்வ மகன்’ (1969). வங்காளத்தில் துப்பறியும் கதைகளுக்குப் பெயர் பெற்ற நிஹார் ரஞ்சன் குப்தாவின் ‘உல்கா’ என்னும் புதினத்தைத் தழுவியது இப்படம். முகவடுவுடன் பிறந்த மகனை அழித்துவிடச் செல்வந்தத் தந்தை விரும்புகிறார். மருத்துவ நண்பர் அவனை மறைவாக வாழ வைக்கிறார். வளர்ந்தபின் அவன் தன் குடும்பத்தை மறைந்திருந்து நோக்குகிறான். தம்பியைக் காப்பாற்றி உயிர் துறக்கிறான். செல்வக் குடும்பத்தின் முதற்குற்றம் குழந்தைக் கொலை முயற்சியே. அக்குற்றத்திற்கு எந்த நீதிமன்றமும் கூட்டப்படவில்லை. கைவிடப்பட்டவனின் தியாக மரணம் கைவிட்டவர்களின் குற்றத்தைத் துடைத்துவிடுகிறது.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தில் தான் தத்துமகள் என்பதை ஒன்பதாம் பிறந்தநாளில் அறியும் அமுதா, ஈழத்தில் தன் தாயைத் தேடிச் செல்கிறாள். இங்குச் செல்வமோ மர்மக்கொலையோ இல்லை, போர் உண்டு. ஆயினும் பெண் குழந்தை தானே வினவுபவளாக அமைவதும், வளர்த்த தாய் அவளோடு உடன் செல்வதும் குறிப்பிடத்தக்கன. பின்சென்ற செவிலியின் மரபு இங்குப் புதுவடிவம் பெறுகிறது எனலாம்.

6. சட்டமும் கொலைநோக்கமும்

மர்மக்கதையின் உயிர்நாடி கொலைக்கான நோக்கம். செல்வக் குடும்பத்தில் தோன்றும் தத்துமகள் சொத்தில் பங்கு கேட்பாள் என்னும் அச்சமே பெரும்பாலும் நோக்கமாகக் காட்டப்படும். இந்தியச் சூழலில் இந்நோக்கம் எளிதில் பொருந்துவதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தத்தெடுக்கப்பட்ட நாள் முதல் குழந்தை வளர்ப்புக் குடும்பத்தின் பிள்ளையாகிறது; பிறந்த குடும்பத்துடன் உள்ள உறவுகள் அற்றுவிடுகின்றன. தத்துக்கு முன்பே குழந்தைக்கு உரித்தாகிவிட்ட சொத்து மட்டும் அதனிடமே நிற்கும். எனவே முறைப்படி தத்துப்போன மகள், உயில் இல்லாத நிலையில், தன்னைப் பெற்றவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது.

முறைப்படி தத்துக் கொடுக்காமல், ‘எடுத்து வளர்க்கப்பட்ட’ பெண்ணின் நிலை வேறு. சடங்கும் ஆவணமும் இன்றி வளர்க்கப்பட்டவளுக்குப் பிறந்த குடும்பத்துடன் உள்ள சட்ட உறவு அறுவதில்லை. மணவுறவுக்கு வெளியே பிறந்தவளாயினும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அவளைத் தாயின் உறவாகவே கொள்கிறது. ஆகவே ஏழை வீட்டில் ஆவணமின்றி வளர்ந்த பெண்ணே செல்வத் தாயின் வாரிசு. ஆவணத்தோடு தத்துப்போனவள் வாரிசல்லள். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, கொலை செய்தவர் கொலையுண்டவரின் சொத்தை அடைவதைத் தடுக்கிறது. இத்தகைய நுணுக்கங்களை அறிந்து எழுதப்படும் கதையில் ‘தத்துப் பத்திரம் உண்டா, இல்லையா’ என்பதே வலிமையான தடயமாகும். பல கதைகள் இதனைக் கருதாமல் வாரிசுரிமையைப் பொதுப்படையாகப் பேசிவிடுவதால் அவற்றின் முடிச்சு தளர்ந்துவிடுகிறது.

12ஆம் பிரிவில் மற்றொரு விதிவிலக்கும் உண்டு. பிறந்த குடும்பத்தில் தொடர்ந்திருந்தால் எவரை மணக்க இயலாதோ, அவரைத் தத்துப்போன பின்னும் மணக்க இயலாது. சொத்தில் அறுத்த உறவைக் குருதியில் அறுக்க முடியாது எனச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பிறப்பை அறியாதவர் இத்தடையைக் கடைப்பிடிப்பது எங்ஙனம்? ஈடிபசு நாடகம் எழுப்பிய வினா சட்டத்தின் உள்ளேயே தங்கியிருக்கிறது.

1990இல் அமைக்கப்பட்ட மத்திய தத்து வள ஆணையம், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தால் சட்டமுறை அமைப்பாயிற்று. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் தத்துப்பிள்ளையின் ‘வேர் தேடுதலை’ ஏற்கின்றன. எனினும் குழந்தையை ஒப்படைத்தபோது பெற்றோர் தம் பெயரை மறைக்கக் கோரியிருந்தால் அவர்தம் இசைவு வேண்டும். மூன்றாம் ஆள் வழியாக வேர் தேடுவதற்கு அனுமதி இல்லை. மறைந்து வாழ விரும்பும் தாயின் உரிமையும், அறிய விரும்பும் மகளின் உரிமையும் இங்கு எதிரெதிர் நிற்கின்றன. துப்பறிவாளரோ இலக்கணப்படியே மூன்றாம் ஆள். கொலையைத் துப்பறிய அவருக்குக் கதை தரும் உரிமை, ஒரு தாயின் மறைவைக் கிழிக்கவும் நீளுமா என்பது இவ்வகைப் புனைவு எதிர்கொள்ள வேண்டிய அறவினாவாகும்.

7. களம்: மர்பி டவுன்

தமிழ் மர்மக்கதை செல்வர் வீட்டை நுணுகி வருணிக்கும். மலைநகர மாளிகை, வேலிக்கதவு, காவல்நாய், நூலக அறை அனைத்தும் இடம்பெறும். தத்துமகள் வளர்ந்த வீடோ பெயரற்ற ‘குடிசை’யாக நின்றுவிடும். இரு வீடுகளுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து காட்டும் களம் தேவைப்படுகிறது. பெங்களூர்க் கண்டோன்மென்ட் அத்தகைய களங்களுள் ஒன்று.

ஆங்கிலேயர் 1809இல் நிறுவிய இப்படைக் குடியிருப்பு, 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் மீண்டும் அளிக்கப்பட்ட பின்னும் 1947 வரை தனி நிருவாகத்தில் இருந்தது. படைக்கும் பங்களாக்களுக்கும் தேவையான உழைப்பைத் தரத் தமிழ் மக்கள் பெருமளவில் இங்குக் குடியேறினர். அல்சூரை அடுத்த மர்பி டவுன் அவ்வாறு தமிழ் உழைப்பாளர் வாழ்ந்த குடியிருப்புகளுள் ஒன்று. மாளிகை வாயிலும் உழைப்பாளர் தெருவும் நடந்தே கடக்கும் தொலைவில் அமைந்த நகரப்பகுதி இது. பெற்றவளும் வளர்த்தவளும் ஒரே கடைத்தெருவில் எதிர்ப்படக்கூடிய இடத்தில், மறைவு என்பது தொலைவால் நேர்வதன்று. நாள்தோறும் முயன்று காக்கப்படுவது.

மொழியும் இங்குத் தடயமாகும். கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவற்றோடு உறவாடும் பெங்களூர்த் தமிழ், வளர்ந்த தெருவை ஒரு வாக்கியத்தில் காட்டிக்கொடுக்கும். செல்வர் வீட்டில் நுழையும் மகள் பெற்றவளை எவ்வாறு விளிப்பாள்? ‘அம்மா’ என்னும் சொல் தமிழில் தாயையும் குறிக்கும். வேலைசெய்யும் வீட்டின் தலைவியையும் குறிக்கும். அவள் அச்சொல்லைச் சொல்லும்போது கேட்போர் இரண்டாம் பொருளையே கொள்வர். ஒரு விளிச்சொல்லின் இருபொருளில் முழு மர்மத்தையும் வைக்க இடந்தரும் மொழி தமிழ். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே தமிழ் மர்மக்கதையின் நடையைப் புதுக்கினார். ஆயினும் கண்டோன்மென்ட் உழைப்பாளர் தெருக்கள் இவ்வகைப் புனைவின் மையக்களமாக இன்னும் போதிய அளவில் பயன்படவில்லை எனலாம்.

8. முதற்குற்றம் எது?

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், தத்துமகள் மர்மக்கதையில் இரு குற்றங்கள் உள்ளன எனத் தெரிகிறது. ஒன்று, அத்தியாயங்களின் நடுவே நிகழும் கொலை. மற்றொன்று, கதை தொடங்கும் முன்பே நிகழ்ந்த கைவிடல். முன்னதற்குத் துப்பறிவாளர், காவல்துறை, தண்டனை ஆகிய அனைத்தும் உண்டு. பின்னதற்கு விசாரணை இல்லை. கண்ணீரோ உயிலோ ஈடாகிறது. இறுதி அத்தியாயத்தில் மகளுக்குச் சொத்துக் கிடைக்கும்போது, சொத்தைப் பற்றியல்லாத வினாவுக்குச் சொத்தே விடையாக அளிக்கப்படுகிறது. ‘ஏன் கொடுத்தாய்?’ என்று கேட்க வந்தவள் ‘எவ்வளவு?’ என்று கேட்க வந்தவளாக மாற்றப்படுகிறாள்.

கைவிடலைக் குற்றம் என்று கூறும்போதும் ஒரு வேறுபாடு வேண்டும். வறுமையாலும் ஊரார் பழியாலும் குழந்தையை ஒப்படைத்த தாய் வேறு. குடும்ப மானத்தின் பெயரால் அவளிடமிருந்து குழந்தையைப் பறித்த செல்வ வீடு வேறு. சாலியின் அச்சத்தையும் ‘தெய்வ மகன்’ தந்தையின் செருக்கையும் ஒரே தட்டில் நிறுத்தல் ஆகாது. நல்ல மர்மக்கதை கொலையாளியைக் கண்டறிவதோடு நில்லாமல், அன்று அக்குழந்தையைக் கொடுக்கச் செய்தவர் யார் என்பதையும் கண்டறிய வேண்டும்.

முடிவுரை

பிறப்பறிதலும் கொலையறிதலும் இணையும் கதையமைப்பு மிகத் தொன்மையானது. தமிழ் மரபு இதற்குச் சீவகன், ஆபுத்திரன் என இரு வழிகளைக் காட்டுகிறது. முன்னவன் பிறப்பை அறிந்து உரிமையை மீட்டவன். பின்னவன் பிறப்பு என்னும் அளவுகோலையே மறுத்தவன். தற்கால மர்மப்புனைவு பெரிதும் சீவகன் வழியையே பின்பற்றி, தத்துமகளை வாரிசாகவோ ஐயத்திற்குரியவளாகவோ மட்டும் காண்கிறது. சட்ட நுணுக்கத்தை அறிந்து கொலைநோக்கத்தை அமைத்தல், வளர்த்த தாய்க்குச் செவிலிக்குரிய கூற்றை மீட்டளித்தல், மர்பி டவுன் போன்ற உண்மையான களங்களில் இரு வீடுகளையும் சம நுணுக்கத்துடன் வரைதல், முதற்குற்றத்தை விசாரணைக்குக் கொணர்தல் ஆகியவற்றால் இவ்வகை உயரக்கூடும். கொலையாளி அகப்பட்ட பின்னும் மகளின் வினா விடையின்றி நிற்குமாயின், அவ்விடையின்மையை மறைக்காமல் எழுதுவதே அப்புனைவின் நேர்மையாகும்.